ஒரு வடக்கு முனையிலிருந்து இன்னொரு வடக்கு முனைக்கு

ஏப்ரல் 4, ரயிலில்

யாழ்தேவி வவுனியாவைத் தாண்டிவிட்டது. கைபேசியில் எழுதுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது போய்ப் பார்த்துவிட்டு வருகிற பயணம் இல்லை. ஹமர்ஃபெஸ்ட் வீட்டை விற்று, சாவியையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். இனி வீடு என்றால் பருத்தித்துறையில் இவருடைய தாய் தகப்பன் கட்டிய வீடுதான். பாதி ஓடு சரிந்து கிடக்கிறது என்று மச்சாள் படம் அனுப்பியிருக்கிறா.

ஹமர்ஃபெஸ்ட் எங்கே என்று கேட்பவர்களுக்கு: நோர்வேயின் வடக்குக் கரையில், பின்மார்க்கில், வட அகலாங்கு 70 பாகைக்கும் மேலே. உலகின் வடகோடி நகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். அந்தப் பட்டத்துக்கு வேறு ஊர்களும் போட்டி. நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி 20, 21 வரை எட்டிப் பார்க்காது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்தக் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாங்களும். முதலில் மீன் வெட்டினேன், பிறகு முதியோர் இல்லத்தில் வேலை. பருத்தித்துறை இலங்கையின் வடமுனை. "எங்கட தலையில வடக்கெண்டுதான் எழுதியிருக்கு" என்று இவர் ரயிலில் பக்கத்தில் இருந்தவருக்கும் சொல்லிவிட்டார்.

நாங்கள் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது இந்தப் பாதையில் ரயில் இல்லை. 1990 இல் நின்றது, 2014 ஒக்ரோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. ஜன்னலால் வருகிற காற்று சுடுகிறது. ஆனையிறவு வந்ததும் இரண்டு பக்கமும் வெளி, வெள்ளை உப்பு, கண்ணைக் கூசுகிற வெளிச்சம். இவர் தொப்பியைத் தேடினார். அது பெட்டிக்குள், கம்பளித் தொப்பிகளோடு. ஏன் கம்பளித் தொப்பி கொண்டுவந்தோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

அங்கே ஒரு சொல்வழக்கு உண்டு: கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு. உறைகிற குளிரிலும் குழந்தைகளை வண்டிலில் வைத்து வெளியில் தூங்கவிடுகிற சனம் அது. சரியான உடுப்பு, சரியான சப்பாத்து, மூன்று கண்ணாடி போட்ட ஜன்னல் இருந்தால் குளிர் ஒன்றும் செய்யாது. கிளிநொச்சி தாண்டியதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வெயிலுக்கு எதைப் போடலாம்? இருக்கிறதைக் கழற்றலாம், அதற்கும் ஒரு அளவுதானே.

ஏப்ரல் 5

விடிய நாலரைக்கே முழிப்பு. எல்லாம் புழுக்கம். கோயில் மணி, எங்கேயோ ஒலிபெருக்கியில் தேவாரம், பிறகு ஒழுங்கை முழுக்க முற்றம் கூட்டுகிற சத்தம். ஆறு மணிக்கு மச்சாள் உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டா. ஏழு மணிக்குச் சந்தையால் வந்துவிட்டா. எட்டு மணிக்கு எங்களுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் முகம் கழுவேல்லையோ?" என்று கேட்டா.

பதினொரு மணிக்கு வாசலில் நின்று பார்த்தேன். ஒழுங்கையில் ஒரு சீவன் இல்லை. நாய்கூட மதில் நிழலில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. மூன்றரை, நாலு மணிக்குத்தான் திரும்பச் சைக்கிள் மணிகள் கேட்டன. பள்ளிக்கூடமே காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிற ஊர். ஒஸ்லோவில் இருக்கிற மகள் தொலைபேசியில், "பகல் முழுக்கப் படுக்கிறாங்களா அம்மா?" என்று கேட்டாள். இல்லை மகள், நீ எழும்ப முதல் இவர்கள் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 6

இன்று மேசன் வந்தார். நீண்ட பதிவு இது, வீடு கட்டுகிற எண்ணம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

எங்கள் வீட்டில் இரண்டு காலம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முன்பக்கம் பழைய வீடு. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய, ஒரு முழத்துக்கும் மேல் தடித்த சுவர். உயர்ந்த ஓட்டுக் கூரை, பனஞ்சலாகை, சுற்றிவர விறாந்தை. பின்பக்கம் பின்னாளில் சேர்த்த இரண்டு அறை, பிளாற் அடித்தது, அதாவது தட்டைக் கொங்கிரீற்றுக் கூரை. ஓடு சரிந்தது பழைய பக்கத்தில். ஆகவே நேற்று நாங்கள் படுத்தது பிளாற் அறையில்.

பாண் போறணைக்குள் படுத்த மாதிரி இருந்தது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கொங்கிரீற்று இரவில்தான் கீழே விடுகிறது. வெளியில் கடற்காற்று வீசுகிறது, உள்ளே காற்றாடி சூட்டுக் காற்றைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. இரவு பத்து மணிக்குக் கூரையின் உட்புறத்தில் கை வைத்துப் பார்த்தேன், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைத் தொட்டால் எப்படியோ அப்படி ஒரு சூடு. பிறகு பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டோம்.

மேசனிடம் இவர் கேட்டது இது: "பழைய பக்கத்தையும் இடிச்சுப் பிளாற் அடிச்சா என்ன?"

"அடிக்கலாம் ஐயா. வெளிநாட்டில இருந்து வாறவை எல்லாரும் அதைத்தான் கேக்கினம். கட்டிக் குடுத்திட்டு வருவம், அடுத்த மாசம் ஏசி பூட்டிறவனைக் கூப்பிடுவினம்."

மேசன் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அவருக்குப் பிளாற் வேலையில்தான் கூலி கூட, ஆனாலும் சொன்னார். பிறகு எங்களைப் பழைய வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் முகட்டைக் காட்டினார். ஓடுகளுக்கு இடையில் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. சூடேறிய காற்று மேலே போய் அந்த இடுக்குகளால் வெளியேறும். கீழே கிறாதியாலும் கதவாலும் புதுக் காற்று வரும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அது கட்டிமுடிக்காமல் விட்ட இடமில்லை, வேண்டுமென்றே விட்டது.

இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். பின்மார்க்கில் இவர் வார இறுதி முழுக்கச் செய்த வேலை இடுக்கு அடைப்பது. ஜன்னல் ஓரம், கதவு அடி, குழாய் போகிற ஓட்டை எல்லாவற்றுக்கும் சிலிக்கன். சுவருக்குள் கனிமப் பஞ்சு, அதற்குமேல் பிளாஸ்ரிக் தாள், பிறகு பலகை. அங்கே வீடு என்றால் மூடியிருக்க வேண்டும். ஒரு விரற்கடை ஓட்டையால் மாதாந்த மின்சாரக் காசு பறந்துவிடும். இப்போதும் இவருடைய பெட்டியில் சிலிக்கன் குழாயும் அதை அமத்துகிற துவக்கும் இருக்கின்றன. நான் அதை எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன்.

மதில் பற்றியும் மேசன் சொன்னார். முன்னர் இந்த வளவைச் சுற்றிக் கிடுகு வேலி. கடலால் வருகிற காற்று கிடுகுக்குள்ளால் வடிந்து முற்றத்துக்கு வரும். போர்க்காலத்துக்குப் பிறகு வெளிநாட்டுக் காசு வந்ததும் எல்லா வளவுக்கும் ஆளுயர மதில் எழும்பிவிட்டது. வேலி அடைப்பதற்கு வருசாவருசம் கிடுகு வேண்டும், ஆள் வேண்டும், சண்டையும் வேண்டும். மதில் அந்தத் தொல்லை எல்லாவற்றையும் முடித்து வைத்தது. கூடவே காற்றையும். எங்கள் மதில் தென்மேற்குப் பக்கம்தான் மிக உயரம். மே மாதம் தொடங்கினால் சோளகக் காற்று அந்தப் பக்கத்தால்தான் வரும். அதில் ஒரு வரிசைக்கு ஓட்டைக் கல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கள்ளன் எட்டிப் பார்ப்பான் என்று இவருக்குக் கவலை. பார்க்கட்டும், எங்களிடம் இருப்பது கம்பளித் தொப்பிதானே.

ஏப்ரல் 7

எழுத உடம்பு விடவில்லை. தலையிடி, கால் வீக்கம். இரவு உப்பும் சீனியும் கலந்த ஜீவனிப் பைக்கற் ஒன்றைக் கரைத்துக் குடித்தேன்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்த பழக்கத்தில் தெரிந்த விசயம் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். வெயிலுக்கு உடம்பு பழக ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை எடுக்கும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முந்தியே தொடங்கும், அதில் போகிற உப்பின் அளவு குறையும். முதல் நாட்களில் வியர்வை உதட்டில் பட்டால் கரிப்பது அதனால்தான். மாத்திரை குடிப்பவர்கள், முக்கியமாகச் சலம் (சிறுநீர்) போகிற மாத்திரையும் பிரசர் மாத்திரையும் எடுப்பவர்கள், வர முதல் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். "நான் இந்த ஊரில பிறந்தவன், எனக்கென்ன" என்று சொல்லிக்கொண்டு மத்தியானம் வெளிக்கிட வேண்டாம். பிறந்த உடம்பு வேறு, இப்போது கொண்டுவந்திருக்கிற உடம்பு வேறு.

மச்சாள் பழஞ்சோற்றுத் தண்ணியில் மோரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுத் தந்தா. ஜீவனியைவிட ருசி.

ஏப்ரல் 8

இன்று என்னுடைய நாள். கரைக்குப் போனேன்.

விடிய ஐந்தரைக்குப் படகுகள் வரத் தொடங்கின. எல்லாம் இப்போது பைபர் படகுகள், வெளியிணைப்பு இயந்திரம் பூட்டியவை. வலையிலிருந்து சூடை, கீரி, குட்டிப் பாரை, ஒன்றிரண்டு திருக்கை. கூறு போட்டு ஏலம் விடுகிறவர் பேசுகிற வேகத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வாங்க வந்தவர்களுக்கு எல்லாம் பிடிபடுகிறது, கண்ணிமைப்பில் விலை முடிகிறது. ஏழரைக்குள் பாதிச் சனம் கலைந்துவிட்டது. எட்டரைக்குப் போனால் மணல்தான் இருக்கும்.

நான் முதலில் தேடியது ஐஸ். பழக்கதோசம். அங்கே மீன் படகிலேயே ஐசில் கிடக்கும். மண்டபம் குளிரூட்டியது, கையுறைக்குள் இன்னொரு கையுறை. ஒரு மீன் எத்தனை பாகையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்குத் தாள் உண்டு. இங்கே சில கூடைகளில்தான் ஐஸ் இருந்தது. மீன் வெட்டுகிற அம்மாவிடம் கேட்டேன்.

"ஐஸ் என்னத்துக்குப் பிள்ளை? இது கடலால வந்து இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகேல்லை. ஒன்பது மணிக்கு உன்ர சட்டிக்குள்ள கிடக்கும்."

முழுச் சமாதானம் எனக்கு வரவில்லை. தூரத்துக்குப் போகிற மீனுக்கு ஐஸ் போதாது, மணலில் வைக்கிறதும் சரியில்லை. ஆனால் அவவுடைய கணக்கு எனக்குப் புரிந்தது. நாங்கள் அங்கே குளிரை வைத்து நேரத்தை நீட்டினோம். இவர்கள் நேரத்தைச் சுருக்கிவிட்டார்கள்.

அவ வெட்டுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலுக்கிடையில் நிமிர்ந்து நிற்கிற அரிவாள், மீனைத்தான் அசைக்கிறா, கத்தி அசைவதில்லை. பாரைக்குச் செதில் நீக்கித் துண்டு போட்டு முடிக்க, ஒரு தும்மல் போடுகிற நேரம். நான் தொழிற்சாலையில் கற்றது முள்ளை விட்டுச் சதையைத் தனியே எடுக்கிற வெட்டு. தலையும் முள்ளும் வேறு பெட்டிக்குப் போகும். அதைச் சொன்னதும், "தலையை என்ன செய்வியள்?" என்று கேட்டா. காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள் என்றேன். கொட் மீனின் நாக்கை வெட்டி எடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேலை, கைச்செலவுக்குக் காசு கிடைக்கும் என்றேன். பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டு, "இஞ்சை வந்து கேளுங்கோ, மீன்ர நாக்கு வெட்டுறவையாம்" என்று சிரித்தா. சூடைக்கு நாக்கு எங்கே இருக்கிறது என்று ஒருவர் தேடியும் பார்த்தார்.

கொஞ்சம் தள்ளிக் கருவாட்டு வாடி. இங்கேதான் மலைத்துப்போய் நின்றேன். வடநோர்வேயில் பெப்ரவரியிலிருந்து கொட் மீனைத் தலை நீக்கி, இரண்டு இரண்டாக வாலில் கட்டி, பெரிய மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்பே போடுவதில்லை. உறைநிலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிற குளிரும் காற்றும்தான் வேலை செய்கின்றன. இலையான் வராது, பழுதாக்குகிற கிருமி பெருகாது. மே, ஜூனில் இறக்கும்போது ஐந்து கிலோ மீன் ஏறத்தாழ ஒரு கிலோவாகி, விறகுக் கட்டை மாதிரித் தட்டினால் சத்தம் கேட்கும். இளவேனில் சூடு சீக்கிரம் வந்துவிட்டால் பிழைத்துவிடும். இங்கே தலைகீழ். வயிறு கீறிக் கழுவி, உப்பில் கிடத்தி, அடுத்த நாள் வெயிலில் பரப்பினால் இரண்டு மூன்று நாளில் கருவாடு. பயம் சூட்டுக்கு இல்லை, மழைக்கு. அங்கே மூன்று மாதம் காத்திருப்பார்கள், இங்கே மூன்று நாள் காக்கையை விரட்டுவார்கள்.

வாடிக்காரர் நோர்வே என்றதும் கேட்டார்: "அக்கா, சீநோர் எண்டு கேள்விப்பட்டிருக்கிறியளோ? எங்கட அப்பா காரைநகரில அதிலதான் வேலை." கேள்விப்படாமலா! அன்ரனி இராஜேந்திரம் யாழ்ப்பாணத்திலிருந்து 1956 இல் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தவர், அங்கே போன முதல் தமிழர் என்று அவரைத்தான் சொல்வார்கள். நோர்வேக்காரரைச் சேர்த்துக்கொண்டு அறுபதுகளின் கடைசியில் காரைநகரில் தொடங்கிய சீநோர் திட்டம் படகு கட்டியது, வலை, ஐஸ் என்று பிறகு விரிந்தது. யாழ்ப்பாணத்தார் நோர்வேக்குப் போகிற வழி அந்த உறவால்தான் திறந்தது. அங்கே மக்கள் உயர்பள்ளி என்று சொல்கிற விடுதிப் பள்ளிகளுக்கு மாணவராகப் போனவர்கள் முதலில், போருக்குப் பயந்து ஓடியவர்கள் பிறகு. மீனால் போன வழி, நான் மீனுக்கே திரும்பி வந்து நிற்கிறேன் என்று வாடிக்காரருக்குச் சொன்னேன். அவருக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. இந்திய இழுவைப் படகுகள் வந்து வலை அறுக்கிற கதையைத்தான் சொல்ல விரும்பினார். அரை மணித்தியாலம் சொன்னார். வலையின் விலையைச் சொன்னபோது நான் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன், அவ்வளவு.

கீரி ஒரு கூறும், அரைக் கிலோ கருவாடும் வாங்கினேன்.

ஏப்ரல் 9

கிராம சேவகரிடம் பதிவு. பிறகு பிரதேச செயலகம். பிறகு படப்பிரதி எடுக்கிற கடை. திரும்ப முதல் இடம். விபரிக்க ஒன்றுமில்லை, எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள், ஒருவரிடமும் முத்திரை இல்லை.

கேட்டு எழுதியவர்களுக்காக ஒன்று: நோர்வே 2020 ஜனவரி முதல் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. அதற்கு முதல் நோர்வேக் கடவுச்சீட்டு எடுத்த எங்களைப் போன்றவர்கள் இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்கள். இப்போது விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். காணி, வங்கி, வீசா என்று எல்லாம் இதில்தான் தொங்குகிறது. வெளிக்கிட முதலே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி எங்கே என்று அம்மாமாரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

வரும் வழியில் நிலத்தில் நிற்கிற காற்றாடி ஒன்று வாங்கினோம்.

ஏப்ரல் 10

காலை பத்து மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டேன். மச்சாள் வேலிக்கு, மன்னிக்க, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"மோட்டரை இப்பிடிக் கனநேரம் விடாதையும். உவர் ஏறிடும்."

யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும். குடிப்பதும் குளிப்பதும் தோட்டமும் கிணற்றால். நிலம் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக இருக்கும். ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிற மழை அதற்குள் இறங்கி, கீழே ஊடுருவி நிற்கிற கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நன்னீரின் பாரம் குறைவு என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. இதை மறுபக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்: மேலே ஒரு அடியை மோட்டரால் இறைத்துத் தீர்த்தால், கீழேயிருந்து 40 அடிக்கு உப்புத்தண்ணீர் எழும்ப வழி திறக்கிறது. ஆழம் காணமுடியாதது என்று சின்னனில் சொல்லிப் பயம் காட்டிய நிலாவரைக் கிணறும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.

துலாவால் இறைத்த காலத்தில் கை ஓய்ந்துவிடும், கிணறு ஊறிவிடும். மோட்டருக்குக் கை ஓய்வதில்லை. மச்சாளின் முறை இது: விடியவும் பின்னேரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தொட்டியில் நிரப்புவது, தென்னைக்கும் வாழைக்கும் குளிக்கிற தண்ணீரைத் திருப்பிவிடுவது. குடிக்க இந்தக் கிணறு சரிவராது, கரைக்குக் கிட்ட என்பதால் கொஞ்சம் கரிக்கும். குடிதண்ணீர் கானில் வாங்குகிறோம். தாழையடியில் 2024 இல் கடல்நீரை நன்னீராக்குகிற நிலையம் திறந்தார்கள். அந்தக் குழாய் எங்கள் ஒழுங்கைக்கு எப்போது என்று ஆளுக்கொரு மாதத்தைச் சொல்கிறார்கள்.

ஹமர்ஃபெஸ்ட்டில் குழாயைத் திறந்தால் பனி உருகிய தண்ணீர் பல்லைக் கூசவைக்கும், யாரும் அளந்ததில்லை. அங்கே கணக்குப் பார்த்தது சூட்டுக்கு. எந்த அறையை எத்தனை பாகையில் வைப்பது, யார் கதவைத் திறந்துவிட்டுப் போனது என்று வீட்டில் சண்டை வரும். இங்கே அதே சண்டை தண்ணீருக்கு வரப்போகிறது. இவர் குளிக்கப் போனால் திரும்பி வர ஒரு யுகம்.

பின்குறிப்பு: கூரைமேல் கறுப்புத் தாங்கியில் இருக்கிற தண்ணீரில் மத்தியானம் இரண்டு மணிக்குக் குளிக்க வேண்டாம். தேத்தண்ணீர் போடலாம்.

ஏப்ரல் 12

உடம்பு வழிக்கு வருகிறது. பின்னேரம் நாலரைக்கு நடக்கப் போனோம், தும்பளை வீதியால் தெருமூடி மடத்துக்கு.

பார்க்காதவர்களுக்கு: வீதிக்கு மேலேயே கட்டிய மடம். இரண்டு பக்கமும் கல்தூண்களோடு உயர்ந்த திண்ணை, நடுவால் வீதி, எல்லாவற்றையும் மூடிக் கூரை. வண்டிலும் ஆளும் அதற்குள்ளால்தான் போக வேண்டும். வெயிலில் வருகிறவன் நிழலைத் தேடி வழி விலகத் தேவையில்லை, வழியே நிழலுக்குள் போகிறது. நான் சின்னப் பிள்ளையாக இதற்குள்ளால் நடந்திருக்கிறேன், மழைக்கு ஒதுங்கினது ஞாபகம், வேறு யோசித்ததில்லை. இப்போது திண்ணையில் இருந்து பார்த்தேன். கல் குளிர்ந்து கிடந்தது, இரண்டு பக்க வாயாலும் காற்று இழுத்துக்கொண்டு போனது. இதைக் கட்டியவர்கள் ஒரு வெப்பமானி கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து வீதியில் இப்படி எத்தனை சாமான்! தலைச்சுமையை ஆர் துணையும் இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கி. மாடு முதுகு உரஞ்ச ஆவுரஞ்சிக் கல், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி அல்லது கேணி. வழிப்போக்கருக்கு மடம், சித்திரையில் தண்ணீர்ப் பந்தல். வீதி அகலிக்கும்போது பலதைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். தெருமூடி மடம் இன்னும் நிற்பது பெரிய புண்ணியம். புதிதாகக் கட்டிய பஸ் தரிப்பிடம் ஒன்றைத் தகரக் கூரையோடு வரும் வழியில் கண்டேன், சனம் அதற்கு வெளியே வேப்பமரத்தின் கீழ் நின்றது. வேம்பு பூத்திருக்கிறது. மச்சாள் பூவைக் கூட்டி அள்ளிக் காயப் போட்டிருக்கிறா, வடகத்துக்கு.

திரும்பும்போது வெளிச்சவீட்டுப் பக்கமாகக் கடற்கரை வழியே வந்தோம். காலை நனைத்தேன். வடநோர்வேக் கடல் கோடையிலும் பத்துப் பாகையை ஒட்டித்தான் நிற்கும், விழுந்தால் நிமிடக் கணக்கில் கை கால் விறைத்துவிடும். இது குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு. கரை முழுக்கச் சனம், கச்சான் விற்கிறவர், பட்டம், துடுப்பாட்டம். இந்த நேரத்துக்காகத்தான் எல்லாரும் மத்தியானத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. கோயிலிலிருந்து மருத்துநீர் வந்தது. மச்சாள் தலையில் வைத்துத் தேய்க்க, கண்ணை மூடிக்கொண்டு நின்றோம், பிறகு தோய்ந்தோம். கைவிசேடக் காசு இவருக்கு மச்சாள் தந்தது, எனக்கு இவர் தந்தது, ஒழுங்கைப் பிள்ளைகளுக்கெல்லாம் நாங்கள். நோர்வேயால் வந்தவர்கள் என்று வரிசை கொஞ்சம் நீண்டது. காலமை முழுக்க எங்கேயோ போர்த்தேங்காய் உடைகிற சத்தமும் கூச்சலும்.

இன்னொரு விசயத்துக்காகவும் இந்த நாளைக் காத்திருந்தேன். ஏப்ரல் ஐந்தாம் திகதியளவில் இலங்கையின் தெற்கில் உச்சிக்கு வருகிற சூரியன் நாளுக்கு நாள் வடக்கே ஏறி, பதினான்கு, பதினைந்தில் யாழ்ப்பாணத்தைத் தாண்டுகிறது. நாட்டின் வடமுனை என்பதால் கடைசியாக எங்களுக்கு. பன்னிரண்டு பத்தளவில் முற்றத்தில் போய் நின்றேன். நிழல் காலுக்குள் புகுந்துவிட்டது. ஒரு தடியை நட்டால் அதற்கு நிழலே இல்லை. ஜனவரியில் சூரியன் திரும்பி வருகிற நாளில் ஹமர்ஃபெஸ்ட்டில் பிள்ளைகளை வெளியே கூட்டி வந்து, மலைக்கு மேலால் அது தலை காட்டுகிற சில நிமிடங்களைப் பார்க்க வைப்பார்கள், இனிப்புப் பணிஸ் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் ஒழுங்கைப் பிள்ளைகளைக் கூப்பிட்டு நிழலைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "அன்ரி, சுடுது, உள்ளுக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார்கள்.

பின்னேரம் குடும்ப மாநாடு. முடிவுகள் இவை. பழைய பக்கத்துக்குத் திரும்ப ஓடுதான், பிளாற் இல்லை. சுவருக்கும் கூரைக்கும் இடையில் அந்த ஒரு சாண் அப்படியே இருக்கும், இலையான் வலை அடிக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். பின்பக்கத்துப் பிளாற்றுக்கு மேல் கிடுகுப் பந்தல் ஒன்று போடுவது, வெயில் கொங்கிரீற்றில் நேரே விழாது. மச்சாளின் யோசனை, செலவு மிகக் குறைவு. ஏசி ஒரு அறைக்கு மட்டும், அதுவும் மகள் பேரப்பிள்ளையோடு வந்தால் போட. இவர் இரண்டு அறை கேட்டார். நான் மின்சாரப் பட்டியலைக் காட்டினேன், மச்சாள் சிரித்தா, ஒன்றோடு நின்றது. மகள் டிசம்பரில் வருகிறாளாம். டிசம்பர் மாரிகாலம், முற்றமெல்லாம் வெள்ளம் நிற்கும், வாடைக் காற்றுக்கு மச்சாளே கம்பளிப் போர்வை தேடுவா என்று சொன்னேன். கம்பளித் தொப்பிக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று இவருக்குச் சந்தோசம்.

மேசன் சற்றுமுன் பேசினார். வருசத்துக்கு அடுத்த நாள் ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்களாம், நல்ல நாள் பார்த்து வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வருகிறார்களாம். "அம்மா, பத்தரையோட மேல வேலை நிப்பாட்டிடுவம், பிறகு மூண்டரைக்குத்தான் ஏறுவம். சாந்து குழைக்கத் தண்ணி நிரப்பி வையுங்கோ, நாலு பீப்பாய் வேணும்."

நாலு பீப்பாயை ஒரேயடியாக மோட்டரால் இறைத்தால் மச்சாள் மதிலுக்கு மேலால் வந்துவிடுவா. இன்றிரவு ஒன்று, நாளை விடியவும் பின்னேரமும் மற்றவை என்று பிரித்திருக்கிறேன். இவரை முதல் பீப்பாய்க்கு அனுப்பியாயிற்று.